ஆறடி எறிக்குக் கைதட்டியவர்

போரால் தர்மபுரத்துக்கு இடம்பெயர்ந்து இருந்த காலத்தில், பால்மா வந்த பேணியின் மூடியை வீசி, தண்ணீர் நிற்காத பழைய தகரப் பரலுக்குள் விழுத்துவதுதான் எங்கள் விளையாட்டு. தகரம் அதிர்ந்தால் சனம் எறிகணைச் செல் விழுந்தது என்று நினைத்துக் குப்புறப் படுத்துவிடும் என்பதால், பரலுக்குள் சாக்கு விரித்திருந்தோம். தூரம் ஆறடி. நான் அந்த ஆறடியின் உலகச் சம்பியன்.

அடுத்த ஓலைக் கொட்டிலில் இருந்தவர் மெலிந்த மனிதர். ஒரு பக்கத் தாடி நெருப்பில் கருகி, பிறகு முளைக்கவே இல்லை. யாருடைய மூடி உள்ளே விழுந்தாலும் கைதட்டுவார். ஒருநாள் என் முதல் எறியே விழுந்தது. நான் துள்ளிய துள்ளலில் இடுப்புச் சாரம் அவிழ, அவர் கைதட்டினார்.

"உதுக்கும் கைதட்டுறியளே அண்ணை? உந்தத் தூரத்துக்கு மாடும் எறியும்" என்றேன், சாரத்தைப் பிடித்தபடி. "தூர நிண்டு எறிஞ்சால் தட்டுங்கோ."

"தூர நிண்டு அடிச்ச செல் என்ரை வீட்டிலை சரியா விழுந்தது தம்பி. மனுசியும் பிள்ளையும் உள்ளுக்கை. அடிச்சவங்கள் அங்கை கைதட்டியிருப்பாங்கள்."

அவரைப் பார்த்தபடியே நான் எறிந்த அடுத்த மூடி பரலைத் தாண்டி வெறும் புழுதியில் விழுந்தது.

அதற்கு அவர் எழுந்து நின்று கைதட்டினார். அவ்வளவு நேரம் அவர் தட்டி நான் கண்டதில்லை.