எந்த ஒயர் முதலில்?

மீட்டரக்கா என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. சோலார் மெக்கானிக். கரண்ட்டை அளக்கக் கழுத்தில் தொங்கும் மல்டிமீட்டரைத் தூங்கும்போதாவது கழற்றுவாளா என்று அவள் வீட்டுக்காரரிடமே கேட்டவர்கள் உண்டு. மனிதர் சிரித்து மழுப்பிவிடுவார். எரியாத விளக்கைக் கண்டால் போதும், அவளுக்குக் கை பரபரக்கும். பழுதான பெட்டியோடு வாய் ஓயாமல் சண்டை போடுவாள்.

அன்று மதியம் தங்கை போனில் அழுதாள். "அக்கா, குஞ்சு பொரிக்கிற பெட்டி அணைஞ்சு போச்சு! முட்டையெல்லாம் இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. சூடு இறங்கிக்கிட்டே போகுது, ஓடி வாக்கா!"

அடித்துப் பிடித்துக்கொண்டு போனாள். கொட்டகைச் சுவரில், சோலார் பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருந்து கரண்ட்டைப் பங்கிடும் சார்ஜ் கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு. "இது அவுட்டு. புதுசு வாங்கிட்டு வந்துடறேன்," என்று தங்கையின் கணவர் செருப்பைத் தேடினார்.

"நில்லுங்க மாப்பிள்ளை! அதுக்கு என்ன நோவுன்னு பாப்போம்."

பேனல் முனையில் மீட்டரை வைத்தாள்: இருபது வோல்ட், வெயிலுக்குக் குறைவில்லை. பேட்டரியில் பன்னிரண்டரை. அதுவும் நன்றாகத்தான் இருந்தது. குஞ்சுப்பெட்டிக்குப் போகும் முனையில் மட்டும் மீட்டர் முட்டை காட்டியது.

"வயிறு நெறைய வெச்சுக்கிட்டா பசிக்குதுன்னு கத்துற?" என்று கன்ட்ரோலரைத் திட்டியவள் சட்டென்று திரும்பினாள். "ஒயரைக் கழட்டினது யாரு?"

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "பேட்டரில பச்சை பூத்திருந்துச்சு. தொடச்சுட்டு மாட்டினேன். கரண்ட் பேனல்லேருந்துதானே வருது? அதான் அதை முதல்ல..."

"அட, மாட்டிக்கிட்டீங்களே! பேட்டரியைத்தான் முதல்ல காட்டணும். பேனலோட இருபதைப் பாத்துட்டு, இந்தக் கன்ட்ரோலர் நம்ம பேட்டரியும் இருபத்துநாலு வோல்ட்டுன்னு முடிவு கட்டிருச்சு. அப்புறம் பன்னெண்டைக் காட்டினா, பேட்டரி காலின்னு லைனை வெட்டாம என்ன பண்ணும்?"

பேனலைக் கழற்றினாள், பிறகு பேட்டரியை. விளக்குகள் அணைந்தன. பேட்டரியை முதலில் மாட்டினாள், அடுத்து பேனலை. பச்சை விளக்கு! குஞ்சுப்பெட்டியின் விசிறி சுற்றத் தொடங்கியது.

தங்கை மூடியைத் திறக்கப் போனாள்.

"தொடாதடி, மிச்சச் சூடும் போயிடும்!"

மூவரும் பெட்டியில் காதை வைத்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை அவளை நிமிர்ந்து பார்க்கவே பயந்தார்.

கீச்!

"உயிரோட இருக்குடி!" மீட்டரக்கா போட்ட கூச்சலில் கொட்டகையே அதிர்ந்தது.

"கத்தாதக்கா," என்றாள் தங்கை, கண்ணீர் வழிய. "இன்னொன்னு கூப்பிடுது."