ஒற்றைப் புடவை ஆர்டர்

எங்கள் பட்டுக்கடை ஆரணியில். எங்கள் புடவைகளை இணையத்தில் விற்கும் பெரிய கடை பெங்களூரில். அவர்களுடைய மென்பொருள் டாட்நெட், நான் எழுதியது ஜாவா; ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. இரண்டையும் பேசவைத்துவிடுகிறேன் என்று மாமனாரிடம் மார்தட்டிவிட்டு நான் பட்ட பாடு இருக்கிறதே, அப்பப்பா!

ஒரு எண்ணை அனுப்புவது சுலபம். ஒரு புடவையின் விவரத்தை அனுப்பிப் பாருங்கள். அதற்குள் உடல், கரை, முந்தி, ரவிக்கைத் துணி. ஒவ்வொன்றுக்கும் தனி நிறம், தனி ஜரிகை. இங்கே பிரித்து எழுத்தாக்கி அனுப்ப வேண்டும், அங்கே படித்து மறுபடி புடவையாகச் சேர்க்க வேண்டும். முதலில் முந்தி போய்ச் சேரவில்லை. அதைப் பிடித்து அனுப்பினால் ரவிக்கைத் துணியைக் காணோம்.

"இன்னாம்மா, தெனம் ஒண்ண தொலைச்சிகினே இருக்கிற?" என்று மாமனார் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருவழியாக எல்லாம் சரியானது. மூன்று புடவை, நான்கு புடவை என்று ஆர்டர் போட்டுப் போட்டுச் சோதித்தோம். தறியில் ஒரு பாவு நூல் ஏற்றினால் அத்தனை புடவை இறங்கும் ஊர் இது. ஒற்றைப் புடவைக்கு ஆர்டர் வரும் என்று யாருக்குத் தோன்றும்?

ஒரு நாள் காலையில் பெங்களூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். எங்கள் எண்ணை அந்தக் கடையில் கேட்டு வாங்கினாளாம்.

"அக்கா, என் அரக்குக் கலர் புடவை கெளம்பிடுச்சா? அடுத்த வாரம் முகூர்த்தம்."

கணினியைப் பார்த்தேன். ஆர்டரில் அவள் பெயர் இருந்தது, முகவரி இருந்தது, புடவை மட்டும் இல்லை. காரணம் அப்போதுதான் புரிந்தது. பல புடவை என்றால் அவர்கள் மென்பொருள் மூட்டையாகக் கட்டித் தரும். ஒன்றே ஒன்று என்றால் மூட்டை எதற்கென்று அப்படியே கையில் தந்துவிடும். என் நிரல் மூட்டையை மட்டும் தேடிவிட்டு, ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டது. கடையில் எடுத்துவைக்கச் சொல்லவே இல்லை.

அந்த நிறத்தில் மிச்சமிருந்தது ஒரே புடவை. முன்கட்டுக்கு ஓடினேன். கலசப்பாக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா அதைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அத விக்காதீங்க!"

"வெல பேசி முடிச்சாச்சேம்மா."

"இன்னாம்மா பேஜாரு இது?" என்று அந்த அம்மா என்னை முறைத்தார். "காலையிலேர்ந்து தேடிகினு இருந்து இப்பதான் புடிச்சத எடுத்தேன்."

ஜாவாவையும் டாட்நெட்டையும் அவரிடம் எப்படிச் சொல்ல? எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு கல்யாணப் பெண் இதற்காகக் காத்திருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன்.

"முகூர்த்தப் புடவையா? அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" தோளிலிருந்து எடுத்து, மடிப்புக் கலையாமல் மடித்தார். சாமி படத்தடியில் இருந்த குங்குமத்தைத் தொட்டு முந்தி ஓரத்தில் பொட்டு வைத்தார். "ஜல்தியா அனுப்பு."

அன்றே அனுப்பினோம். நிரலையும் திருத்தினேன்.

புடவை கிடைத்ததும் அந்தப் பெண் கூப்பிட்டாள். "முந்தியில குங்குமம் பட்டிருக்கே அக்கா. தொடைச்சா போயிடுமா?"

யார் வைத்தது என்று சொன்னேன்.

"இருக்கட்டும்க்கா," என்றாள். "அப்படியே கட்டிக்கிறேன்."