காலி நாற்காலிகளுக்குப் பாடியவர்

இரத்தினபுரிப் பக்கம் எந்தத் தேயிலைத் தோட்டத்தில் திருவிழா என்றாலும் இன்றைக்கு என் ஸ்பீக்கர்தான் பேசும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஒரு காலத்தில் கொழும்பு ராக் இசைக்குழு ஒன்றுக்குப் பெட்டி தூக்கினேன். அதில் கிட்டார் வாசித்த நீளமுடிக்காரர் மேடையில் வைத்தே, "டேய் தோட்டக்காட்டான், வயரைத் தொடாதே" என்றார். தோட்டத்து ஆட்களை மட்டம் தட்டுகிற சொல் அது. கூட்டம் சிரித்தது.

குழு கலைந்துபோனது. போன திருவிழாவுக்கு அவர் தனியாக, சொந்தப் பக்திப் பாட்டுகளோடு எங்கள் தோட்டத்துக்கு வந்தார். முடியெல்லாம் கொட்டியிருந்தது. ஒவ்வொரு பாட்டுக்குப் பிறகும் கைக்குட்டையால் கிட்டார் கம்பிகளைத் துடைத்தார். பாட்டோ தாலாட்டு மாதிரி இழுத்தது. கோயில் கமிட்டித் தலைவர் நான்தான். சாமி புறப்படுகிற நேரமாகப் பார்த்து அவரை மேடை ஏற்றியிருந்தேன். தப்பு மேளம் கேட்டால் எங்கள் சனம் உட்காராது, சாமிக்குப் பின்னால் போய்விடும். இரண்டாம் பாட்டிலேயே மேளம் முழங்கியது. நாற்காலிகளும் நானும்தான் மிச்சம்.

அவர் நிறுத்தவில்லை. கடைசிப் பாட்டு வரை பாடி, கம்பியைத் துடைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"ஒரு ஆளும் மிஞ்சலீங்களே?" என்றேன்.

"பரவாயில்ல முதலாளி. உங்க சவுண்ட் அருமை. நாம முந்தி சந்திச்சதில்லதானே?"

எனக்கு இன்னும் ஆறவில்லை. அடுத்த திருவிழாவுக்கும் அவரையே, அதே நேரத்துக்குக் கூப்பிட்டிருக்கிறேன். மனுசன் சந்தோஷமாக வருகிறேன் என்கிறார்.