எங்கே வைத்தாலும் கத்தும்

படகு கடல் எல்லைக்கோட்டை நெருங்கினால் கத்தும் மென்பொருளைப் போட ஜெகதாப்பட்டினத்துக்கு வந்த பெண் பொறியாளர் அவர். கொண்டையில் எப்போதும் ஒரு பேனா. எதைச் சரிசெய்தாலும் உடனே அவரே கெடுத்துப் பார்ப்பார்.

அலுவலகத்தில் ஓடிய மென்பொருள் என் படகுக் கணினிக்கு மாற்றியதும் படுத்துவிட்டது. லைப்ரரி என்கிற துணை நிரல்களைப் பழைய ஃபோல்டரிலேயே தேடியதாம். என் மச்சான் எல்லை தாண்டி இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டிருந்த நேரம்.

பொறியாளர் பகல் முழுக்க அதோடு உட்கார்ந்தார்.

"பழைய அட்ரஸ எடுத்துட்டேண்ணே. இனிமே தான் இருக்குற எடத்துலேர்ந்துதான் தேடும்."

ஃபோல்டரை நான்கு இடம் மாற்றினார். ஓடியது.

"இப்ப நீங்க மாத்துங்க."

சோதனைக்காக எல்லைக்கோட்டைத் துறைமுகத்திலேயே போட்டுக்கொடுத்தார். நான் ஃபோல்டரை மாற்றி ஓடவிட்டதும், துறைமுகமே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது!

எல்லாரும் கைதட்டினோம். அவர் மட்டும், கெடுத்துப் பார்க்க இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.