ஃபஸீலாவின் பள்ளிக் கணக்கு

ஃபஸீலா துணி மடித்துக்கொண்டே இரண்டு தொடக்கப்பள்ளிகளை எடைபோட்டாள். சிங்கப்பூரின் செம்பவாங்கில் அவள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கில் யார் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாலும் அவளிடம்தான் யோசனை கேட்பார்கள். நாளை அவளுடைய மகளுக்கே பதிவு.

"பேர்பெற்ற ஸ்கூல்ல மார்க் அள்ளுதுங்க. ஆனா தமிழ்ப் பிள்ளைங்க கொஞ்சம். தமிழ் கிளாஸுக்கு வேற ஸ்கூலுக்குப் போகணுமாம்."

"நம்ம புளோக் பக்கத்து ஸ்கூல்லதான் தமிழ்ப் பிள்ளைங்க நிறைய இருக்காங்களே?" என்றான் கணவன் முபாரக்.

"ரிசல்ட் சுமார்தான். அங்க படிச்சா இவ என்னத்துக்கு ஆவா?"

முபாரக் சிரித்தான்.

"நீ அங்கதானே படிச்ச? இப்ப புளோக்கே உன்கிட்ட வந்து நிக்குது லா. நீ என்னத்துக்கு ஆகாமப் போயிட்ட?"

ஃபஸீலா மடித்த துணிகளை அள்ளிக்கொண்டு, அவன் சட்டைகளை மட்டும் கட்டிலில் குவியலாக விட்டுவிட்டு, அறையைவிட்டுப் போனாள்.