பயிர் முகம் தெளியும்

என் வேலையைப் பற்றி அப்பா ஊரில் இப்படித்தான் சொல்வார்: "பொண்ணு தஞ்சாவூர்ல வீட்டுலேருந்தே கம்ப்யூட்டர்ல பக்கம் போடுது." கேட்பவர்கள் ஏதோ பத்திரிகையில் பக்கம் போடுவதாக நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்துவதில்லை. விளக்கப் போனால் பொழுது போய்விடும், கடைசியில் "அப்ப சம்பளம் யாரு தர்றா?" என்றுதான் வந்து நிற்பார்கள்.

உண்மையில் விளக்கம் கொஞ்சம்தான். போனில் ஒரு விளம்பரத்தைத் தொடுகிறீர்கள். ஒரு பக்கம் திறக்கிறது. அதிலிருந்து வேறெங்கும் போக வழி இருக்காது. மேலே பெரிய எழுத்தில் ஒரு வாக்கியம், நடுவில் படம், கீழே பெயரும் போன் நம்பரும் கேட்கிற கட்டங்கள். இதற்குப் பெயர் லேண்டிங் பேஜ். கட்டங்களை நீங்கள் நிரப்பிவிட்டால் பொருள் விற்கிற கம்பெனி உங்களைக் கூப்பிட்டு விற்றுக்கொள்ளும், எனக்குக் கமிஷன் வரும். மூட்டுவலித் தைலம், முடி எண்ணெய், ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி என்று எத்தனையோ பக்கங்கள் கட்டியிருக்கிறேன். எந்தப் பொருளையும் தொட்டுப் பார்த்ததில்லை. இந்தத் தொழிலில் யாரும் பார்ப்பதில்லை, அதனால் எனக்கு உறுத்தலும் இல்லை.

அந்த ஐப்பசியில் ஒரு பயிர் ஊக்கி வந்தது. தண்ணீரில் கலந்து நெல்லுக்குத் தெளிக்கிற திரவம். அப்பாடா, நமக்குத் தெரிந்த விஷயம் என்று சந்தோஷப்பட்டேன். கம்பெனி கொடுத்த வாசகம் "உங்கள் பயிரின் முழு ஆற்றலை வெளிக்கொணருங்கள்". எங்கள் ஊர்க் குடவாசல் பக்கம் இப்படிப் பேசுகிற ஒரு மனிதனை எனக்குக் காட்டினால் அவனுக்கு நானே மாலை போடுவேன். ஆனாலும் சோம்பலில் அதையே தலைப்பாகப் போட்டேன். ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். யாரும் நம்பரைப் போடவில்லை. கம்பெனி சார்பில் என்னோடு பேசும் மேனேஜர் போன் செய்தார்.

"மேடம், வர்றாங்க, ஆனா நிக்க மாட்டேங்கறாங்க. தலைப்பு செத்துக் கெடக்கு."

பட்டனின் பச்சையை ஆரஞ்சாக்கினேன். சலுகை முடியப் போவதாகப் பயமுறுத்தும் கடிகாரம் ஒன்றை ஓடவிட்டேன். எந்த நாட்டு ஆளோ, வைக்கோல் தொப்பி போட்டுச் சிரித்த விவசாயியைத் தூக்கிவிட்டு நம் ஊர் வயல் படத்தைப் போட்டேன். ஒன்றும் அசையவில்லை.

அப்பா வழக்கம்போலச் சாயங்காலம் கூப்பிட்டார். மழை விட்டிருந்தது, சம்பாவுக்கு மேலுரம் போட்டுவிட்டு வந்திருந்தார்.

"இனிமே கவல இல்ல ஆயி. பயிரு முகம் தெளிஞ்சிரும்."

இது அவர் வாயில் மட்டும் கேட்டிருக்கிற பேச்சு. காய்ச்சல் விட்ட பிள்ளையைச் சொல்வதுபோலப் பயிரைச் சொல்வார். சின்ன வயதில், வயலுக்குப் போய் வந்து "முகம் தெளிஞ்சிருச்சு" என்று அவர் சொல்கிற நாளுக்காக நாங்கள் காத்திருப்போம். சினிமாவுக்குக் காசு, புதுச் செருப்பு, எதைக் கேட்பதானாலும் அன்றைக்குத்தான் கேட்க வேண்டும். அவர் சொல்லாத நாளில் அம்மாவே வாயைத் திறக்க மாட்டாள்.

போனை வைத்ததும் தலைப்பை மாற்றினேன். "மஞ்சளித்த பயிரும் முகம் தெளியும். வரப்பில் நின்று பார்த்தாலே தெரியும்."

அவ்வளவுதான், பக்கம் பிய்த்துக்கொண்டு ஓடியது. பெயர்களும் நம்பர்களும் வந்து விழுந்தபடி இருந்தன. "யாரை வச்சு மேடம் எழுதுனீங்க?" என்று மேனேஜர் கேட்டார். நானேதான் என்றேன். பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று ஏன் சொல்ல வேண்டும்?

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு எங்கள் வயலில் தண்ணீர் தேங்கிவிட்டது என்று அம்மா சொன்னாள். மழை ஓய்ந்ததும் பஸ் ஏறிப் போனேன். தண்ணீர் வடிந்திருந்தது, ஆனால் பயிர் முழுக்க வைக்கோல் நிறத்துக்குப் போயிருந்தது. குத்தகை நிலம் அது, சம்பா போனால் அந்த வருடமே போன மாதிரி. யூரியாவும் ஜிங்க் சல்பேட்டும் கரைத்து உடனே அடிக்கச் சொல்லி வேளாண்மை ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அப்பாவும் வாங்கி வந்திருந்தார். பை பிரிக்காமல் கூடத்தில் கிடந்தது.

"ஏம்பா இன்னும் அடிக்கல?"

"பார்சல் வரணும் ஆயி. அது வந்தா இது எதுக்கு? ரெண்டையும் அடிச்சுப் பயிரு கருகிட்டா?"

"என்ன பார்சல்?"

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் தேய்த்து என் முன்னால் நீட்டினார். என் ஆரஞ்சுப் பட்டன். என் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு நாளும் வேர் அழுகிக்கொண்டிருக்க, இந்த மனிதர் என் பக்கத்தை நம்பி உட்கார்ந்திருக்கிறார். நிஜத்தைச் சொல்ல வாய் வரவில்லை. வேறு வழியாகப் போய்ப் பார்த்தேன்.

"இதெல்லாம் நம்பாதீங்கப்பா. ஏமாத்து வேல."

"ஏமாத்துறவன் பேச்சு எனக்குத் தெரியாதா? இவன் எழுதியிருக்கிறதப் பாரு. பயிரு முகம் தெளியும்ங்கறான். வயக்காட்டு ஆளு. ஆபீசுல குந்தியிருக்கிறவனுக்கு இந்தப் பேச்சு வராது."

அவருடைய பேச்சு அது என்பதே அவருக்குத் தெரியவில்லை. தினமும் பேசுகிற பேச்சை யார்தான் தன்னுடையது என்று அடையாளம் வைத்திருக்கிறார்கள்? யாரோ ஒரு நல்ல விவசாயி எங்கோ இருந்துகொண்டு தன்னைப் போலவே பேசுகிறான் என்று நினைத்துவிட்டார். இனிமேல் சுற்றி வளைப்பதில் பிரயோஜனமில்லை.

"அப்பா, அத எழுதுனது நான்தான்."

என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏய், இங்க வா!" என்று கொல்லைப்பக்கம் இருந்த அம்மாவைக் கூப்பிட்டார். "இது நம்ம புள்ள எழுதுனதாம்!" பிறகு என்னிடம், "மொதல்லயே சொல்லக் கூடாதா? நான் வேற யாரோ எவரோன்னு கொஞ்சம் யோசிச்சேன். பார்சல வெரசா அனுப்பச் சொல்லு ஆயி."

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

"நான் அந்த மருந்தப் பாத்ததே இல்லப்பா. கேக்குமா கேக்காதான்னு எனக்குத் தெரியாது."

"பாக்கலையா?"

"இல்ல."

"அப்பறம் முகம் தெளியும்னு எப்புடி எழுதுன?"

"நீங்க சொல்றதத்தான் போட்டேன்."

போனை இன்னொரு தடவை பார்த்தார். கோபமாகவும் தெரியவில்லை. "நான் பயிரப் பாத்துட்டுல்ல சொல்லுவேன்" என்றார், எனக்கு ஏதோ விட்டுப்போன விவரத்தை எடுத்துச் சொல்வதுபோல. போனைப் பையில் போட்டுக்கொண்டு கூடத்துக்குப் போய் ஜிங்க் பையைப் பிரித்தார்.

அன்று மத்தியானமே அடித்தோம். நான் வரப்பில் குடத்தோடு நின்று தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். "ஊத்து", "போதும்" தவிர அவர் வேறு பேசவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அவர் முன்னால் அழுவதற்கும் வெட்கமாக இருந்தது.

தஞ்சாவூர் திரும்பியதும் முதல் வேலையாகப் பக்கத்தை எடுத்துவிட்டேன். மேனேஜர் பதறிப்போய்க் கூப்பிட்டார்.

"நல்லா ஓடிட்டிருந்துச்சே மேடம்!"

"அது எங்கப்பாவோட பேச்சு சார்."

"காப்பிரைட் பிரச்சினையா மேடம்?"

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நான் எடுத்தால் போய்விடுமா? ஓடுகிற பக்கத்தை அடுத்தவர் அப்படியே அள்ளிக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் வழக்கம், நானும் அள்ளியவள்தான். இப்போது எவரெவரோ கட்டிய பக்கங்களில் அந்த வாக்கியம் வருகிறது. ஒரு உரத்துக்கு வருகிறது, ஒரு பூச்சிமருந்துக்கு வருகிறது. போனைத் திறந்தாலே அப்பாவின் பேச்சு எதிரில் வந்து நிற்கிறது, அவர் போனிலும் அப்படித்தான் வந்துகொண்டிருக்கும்.

தினமும் சாயங்காலம் நானே அவரைக் கூப்பிட ஆரம்பித்தேன். மார்கழி பிறப்பதற்குள் பயிர் தேறிவிட்டது என்று அம்மா சொன்னாள். தாழ்ந்த பக்கம் கொஞ்சம் போனதுதான், மற்றது பச்சை திரும்பிவிட்டதாம். அப்பா காலையிலேயே போய் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வந்தாராம். எனக்கு உயிர் வந்தது. போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். அவராகச் சொல்வார் என்று காத்திருந்தேன். பஸ் வசதி, அம்மாவின் முழங்கால் என்று வேறு எதையெதையோ பேசிக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் நானே கேட்டேன்.

"பயிரு முகம் தெளிஞ்சிருச்சாப்பா?"

"அது வெளம்பரத்துல வர்ற பேச்சுல்ல ஆயி" என்றார் அப்பா. "பயிரு தேவல."