சேற்றுக்குக் கீழே இரும்பு பைப்பு

சாமிகளா, அப்பா கம்ப்யூட்டரைத் தொட்டாலே வம்பு என்று நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பதற்கு அந்தத் தம்மம்பட்டி போர்வெல்தான் காரணம். நடந்தது முழுசாக உங்களுக்குத் தெரியாது. எழுதிவிடுகிறேன்.

அப்போது நான் போர் ஓட்டும் ரிக் லாரியில் ராடு மாட்டுவதை விட்டு, திருச்செங்கோட்டில் முதலாளியின் ஆபீசுக்கு வந்து ஒரு வருசம் இருக்கும். தம்மம்பட்டிப் பக்கம் அண்ணன், தம்பி இருவருக்கும் பொதுவாக ஒரு போர், முந்நூறு அடி. முன்பு அதைப் போட்டவனே நான்தான். தண்ணீர் நின்றுபோய், தம்பியின் பாக்குத் தோப்பு காய்ந்துகொண்டிருந்தது. இன்னும் நூறு அடி ஓட்டலாம் என்றார் தம்பி. அண்ணன் ரயில்வே ஊழியர், சூரமங்கலத்தில் குடியிருப்பு. போருக்குள் கேமரா விட்டு எடுத்த வீடியோப் படத்தைக் கண்ணால் பார்த்தால்தான் சம்மதம் என்றார். எங்கள் ரிக் வண்டியோ மறுநாள் காலை ஆந்திரா கிளம்ப வேண்டும்.

எங்கள் வெப்சைட்டில் படத்தை ஏற்றினால் அவர் அங்கிருந்தே பார்த்துக்கொள்வார். ஏற்றினேன். 413, ரொம்பப் பெரிசு என்று திருப்பியடித்தது.

"காத்து பத்தலீடா. இன்னும் ரெண்டு போன்ல நெட்டைப் போடு" என்றார் முதலாளி, ரிக்கின் காற்றுக் கம்பிரசரை நினைத்துக்கொண்டு. மூன்று போன் வைத்தோம். 413 மூன்று மடங்கு வேகத்தில் வந்தது.

வெப்சைட் சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்குப் போன் போட்டால், ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார். "ஒரு எம்பிக்கு மேல வாங்காதுங்க. கான்பிக் பைல்ல ஒரே ஒரு வரி மாத்தோணும். லேப்டாப்பு ஊட்டுல கெடக்குது, நாளைக்குப் பாக்கறேனுங்க" என்றார்.

ராடு ஒன்று இருபது அடி. முந்நூறு அடியையும் ஒரே ராடிலா இறக்குகிறோம்? படத்தை ராடு கணக்கில் பதினைந்து துண்டாக வெட்டி, 1 முதல் 15 வரை பெயர் வைத்து ஏற்றினேன். எல்லாம் உள்ளே போயிற்று. முதலாளி எனக்கு டீ சொன்னார். துண்டுக்கு இருபது அடி, ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடும் என்று அண்ணனுக்குச் சொல்லிவிட்டேன்.

அரைமணியில் அவர் போன், தம்பியையும் லைனில் சேர்த்துக்கொண்டு.

"நாப்பது அடியிலயே செவுரு ஈரமா இருக்கு. அறுபதுல தண்ணி சொட்டுது. நூத்தி நாப்பதுல சேறு. சேத்துக்குக் கீழ இரும்பு பைப்பு, அப்புறம் கடைசி வரைக்கும் காஞ்ச பாறை. கீழ போகப் போகத்தான் வறட்சி. எதுக்குடா இன்னும் நூறு அடி?"

"அறுபதுல தண்ணி இருந்தா நான் எதுக்குண்ணே டேங்கர் லாரி பின்னாடி ஓடறேன்?"

"அத அந்த ரிக்காரரக் கேளு. சேத்துக்கு அடியில பைப்ப எறக்குன மகராசன் அவருதானே."

மண் சரியாமல் இருக்க இரும்பு பைப்பை மேல்பகுதியில் மட்டும்தான் இறக்குவோம். ஆனாலும் சத்தியமாக, ஒரு நிமிசம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"இருங்க, பாத்துப்போட்டுச் சொல்றேனுங்க" என்று வைத்தேன். பக்கத்தைத் திறந்து ஓடவிட்டேன். 1 முடிந்ததும் 10 ஓடியது. அப்புறம் 11. 15 முடிந்த பிறகுதான் 2. சர்வர் முழு எண்ணைப் பார்க்கவில்லை. முதலில் நிற்கும் இலக்கத்தை வைத்து, ஒன்றில் ஆரம்பிப்பதையெல்லாம் முன்னால் நிறுத்தியிருக்கிறது. போரின் அடிப்பாகம் மேலே வந்துவிட்டது.

முதலாளியிடம் சொன்னேன். "ராடு மாட்டறவனுக்குக்கூட ஒன்னுக்கப்பறம் ரெண்டுன்னு தெரியுமேடா!" என்றார். சர்வரைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

1 முதல் 9 வரை முன்னால் ஒரு பூஜ்யம் போட்டு மறுபடி ஏற்றினேன்.

"இப்பத்தான்யா குழி கீழ போகுது" என்றார் அண்ணன். "அடியிலதான் ஈரம் இருக்கு. சரி, ஓட்டுங்க."

வண்டி ஒரு நாள் கூடுதலாகத் தங்கியது. முந்நூற்று எழுபதில் தண்ணீர் வந்தது. பெரிசாக இல்லை, பாக்குக்குப் போதும்.

ஆந்திரா போய்விட்டு வண்டி ஷெட்டுக்குத் திரும்பிய மதியம், ஆட்கள் எல்லாம் சாப்பிடப் போயிருந்தார்கள். ராடுகளில் பெயின்டால் எண் எழுதியிருக்கும். சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போனேன். ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒவ்வொரு ராடிலும் எண்ணுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் போட்டுவிட்டு வந்தேன்.